‘நல்ல நிலை’ என்றால் எந்த நிலை?

1974இல் அமெரிக்கச் சிறுவர்கள் பலர் கத்தரிக்கோலோடு காமிக்ஸ் படித்தார்கள். மார்வெல் நிறுவனம் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு சிறு படத்தை அச்சிட்டு, அதை வெட்டி எடுத்துச் சேர்த்து வாருங்கள் என்று கேட்டிருந்தது. ஒட்டி வைப்பதற்கென்றே தனி ஆல்பமும் விற்றது. பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். அப்படி வெட்டுப்பட்டவற்றில் ஒன்று ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181ஆம் இதழ். விலை 25 சென்ட். வோல்வரின் என்ற பாத்திரம் முதன்முதலாக முழுமையாகத் தோன்றிய இதழ் அது. பின்னாளில் அந்தப் பாத்திரம் திரைக்கு வந்து உலகப் புகழ் பெறும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? இன்று அந்த இதழ் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. கடிதப் பக்கத்தில் அந்தச் சிறு படம் இல்லையென்றால் விலை சடாரென்று விழுந்துவிடும்.

அந்த இதழை ஒருவர் இணையத்தில் விற்பனைக்கு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டை பளிச்சென்று இருக்கிறது. மூலைகள் மடங்கவில்லை, பின்கள் துருவேறவில்லை. படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு, உள்ளே ஒரு பக்கத்தில் தபால்தலை அளவு ஓட்டை இருப்பது எப்படித் தெரியும்? விற்றவர் பொய் ஏதும் சொல்லவில்லை. கேட்கப்படாத ஒன்றைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். புத்தகம் என்பது உள்ளே பக்கங்கள் உள்ள பொருள். அதை முகத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டிய கட்டாயத்தில் இணையச் சந்தை நம்மை நிறுத்தியிருக்கிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பழைய தமிழ் காமிக்ஸ் வாங்கி விற்கும் முகநூல் குழு ஒன்றில், நான் பள்ளி நாட்களில் படித்துத் தொலைத்த 1980களின் இதழ் ஒன்றைப் பார்த்தேன். எந்த இதழ், யார் விற்றார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ‘நல்ல கண்டிஷன்’ என்று எழுதியிருந்தார். அட்டைப் படம் ஒன்று, பின்னட்டைப் படம் ஒன்று. வீட்டில் இரண்டு மாதம் பால் வாங்கும் பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். நான்காம் நாள் கூரியர் வந்தது. நடுத்தாளைத் திருப்பியபோது கை தானாக நின்றது. சாணித்தாளின் சொரசொரப்புக்கு நடுவே வழவழவென்று வெள்ளைத்தாள். நடுவிலுள்ள நான்கு பக்கங்களும் ஜெராக்ஸ்.

போனில் கேட்டேன். “கதை முழுசா இருக்குல்ல சார்? ஒரு கட்டம்கூட விடல” என்றார் அவர். குரலில் கள்ளம் இல்லை. நடுத்தாள் உதிர்ந்துபோன இதழை வாங்கி, இன்னொருவரிடம் கெஞ்சி, அந்தப் பக்கங்களை நகலெடுத்து, பொறுமையாகப் பின் அடித்துச் சேர்த்திருக்கிறார். அவருக்கு ‘நல்ல நிலை’ என்றால் கதை முழுதாக இருப்பது. எனக்கு, அன்று அச்சான தாள் முழுதாக இருப்பது. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னோம். இரண்டு வெவ்வேறு பொருளைப் பேசியிருக்கிறோம். என் ஆதங்கமெல்லாம் இதுதான். பழைய காமிக்ஸை வாங்கவும் விற்கவும் நமக்கு இடம் கிடைத்துவிட்டது, பணம் அனுப்ப வழி கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு புத்தகத்தின் நிலையைச் சொல்ல இருவருக்கும் பொதுவான சொற்கள் இன்னும் வரவில்லை.

அமெரிக்காவும் இதே முட்டுச்சந்தில் நின்றிருக்கிறது. அங்கே டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் 1970இல் காமிக்ஸ் விலைப் பட்டியல் ஒன்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவர் நாணயம் சேகரித்தவர். நாணயக்காரர்களிடம் இருந்த ஒழுங்கு காமிக்ஸ்காரர்களுக்கும் வர வேண்டும் என்று நினைத்தார். முதல் பட்டியலில் மூன்றே நிலைகள்: குட், ஃபைன், மின்ட். மின்ட் என்றால் அச்சுக்கூடத்திலிருந்து வந்த அன்றைய கோலம். இந்த மூன்றுக்கும் மேலும் கீழும் இடையிலும் பிறகு படிகள் சேர்ந்துகொண்டே போயின. இன்று புழக்கத்தில் இருப்பது 0.5இலிருந்து 10.0 வரையிலான அளவுகோல். அதில் ‘குட்’ எங்கே இருக்கிறது தெரியுமா? 2.0இல். பத்துக்கு இரண்டு. அட்டை பின்னிலிருந்து கழன்றிருக்கலாம், முதுகு கோணியிருக்கலாம், மடிப்பும் கிழிசலும் இருக்கலாம். ‘வெரி குட்’ 4.0. ‘ஃபைன்’ 6.0. சேகரிப்பாளர்கள் பெருமையோடு பேசும் ‘நியர் மின்ட்’ 9.4இல்தான் வருகிறது.

இந்த ஏணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சொல்லின் வாழ்க்கை வரலாறு தெரிகிறது. விற்கிறவர் ஒவ்வொருவரும் தன் சரக்கை ‘நல்லது’ என்று சொல்லச் சொல்ல, ‘நல்லது’ என்ற சொல் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் கந்தலுக்கு முந்தைய படியில் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்படி இறங்கியதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஓர் எண்ணையும் கொடுத்து, எல்லோரும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். அங்கே ‘குட்’ என்று படித்தால் வாங்குகிறவர் ஏமாற மாட்டார். இரண்டு எண் புத்தகத்துக்குரிய விலையைத்தான் கொடுப்பார். நம்முடைய ‘நல்ல கண்டிஷன்’ 2.0ஆகவும் இருக்கலாம், 8.0ஆகவும் இருக்கலாம்.

பொதுச் சொற்கள் வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. சொல்லை அளப்பவர் விற்பவராகவே இருந்தார். 1995இல் ஈபே வந்தது. அதுவரை கடைக்குப் போய், புரட்டிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்து வாங்கிய பொருளை ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு மங்கலான படத்தை நம்பி வாங்க வேண்டியதாயிற்று. 2000இல் சிஜிசி என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் கிளம்பியது தற்செயல் அல்ல. வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் தரம் சொல்ல வேண்டிய நேரம் அது. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே இதழைப் பார்க்கிறார்கள். பக்கங்களை எண்ணுகிறார்கள். தாளின் வெண்மை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பின்னைச் சுற்றித் துரு படர்ந்திருக்கிறதா, முதுகோரத்தில் கீற்றுகள் எத்தனை, ஓரம் கத்தரிக்கப்பட்டிருக்கிறதா, நிறம் போன இடத்தில் யாராவது மை தொட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். பிறகு ஓர் எண்ணைக் கொடுத்து, கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் உறையில் இதழை வைத்து மூடிவிடுகிறார்கள். மேலே ஒரு பட்டை. நீலப் பட்டை என்றால் இயல்பான இதழ். ஊதா என்றால் பழுது பார்க்கப்பட்டது. பச்சை என்றால் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய குறை ஒன்று இருக்கிறது. மஞ்சள் என்றால் அவர்கள் ஆள் முன்னிலையில் படைப்பாளி கையெழுத்திட்டது.

இதில் நான் மனதாரப் பாராட்டுவது அந்த ஊதாப் பட்டையை. கிழிந்த ஓரத்தை ஜப்பான் தாள் வைத்து ஒட்டுவதும், நிறம் தொடுவதும் குற்றமல்ல. சொல்லாமல் விற்பதுதான் குற்றம் என்ற தெளிவு அந்தச் சந்தைக்கு வர முப்பது ஆண்டு ஆகியிருக்கிறது. மூடிய உறைக்குள் ஓர் இதழ் போகும்போது அதன் வியாதியும் வைத்தியமும் பட்டையிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. விற்கிறவர் மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாது.

அந்த எண்ணைத் தொட்டுப் பணம் எப்படிப் பாய்கிறது என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938ஆம் ஆண்டின் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் விலை அன்று 10 சென்ட். அதன் 8.5 எண் பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நடிகர் நிக்கோலஸ் கேஜிடம் இருந்து 2000ஆம் ஆண்டு திருடுபோய், 2011இல் கலிபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கில் கிடைத்த 9.0 எண் பிரதி, அதே ஆண்டு 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதே பிரதி 2026 ஜனவரியில் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது. தாயார் வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாள் குவியலுக்கு அடியில் மகன்கள் கண்டெடுத்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழ் 2025 நவம்பரில் 91 லட்சம் டாலருக்கு மேல் போனது. வடக்கு கலிபோர்னியாவின் குளிர்ந்த காற்று அதைக் காப்பாற்றியது என்றார்கள். நம் ஊர்ப் பரணில் எண்பது ஆண்டு இருந்திருந்தால் கறையானுக்குத்தான் போயிருக்கும்.

இந்தத் தொகைகளைவிட என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. முதல் சூப்பர்மேன் இதழ்கள் ஏன் இவ்வளவு அரிதாயின? பிள்ளைகள் அவற்றைப் படித்தார்கள், சுருட்டிப் பின்பையில் செருகினார்கள், நண்பனுக்குக் கொடுத்தார்கள், போர்க் காலத்தில் பழைய தாள் சேர்க்க வந்தவர்களிடம் போட்டார்கள். பெற்றோர் குப்பையில் எறிந்தார்கள். படித்து அழிந்ததால் வந்த அருமை அது. 1991ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காமிக்ஸ் என்றால் முதலீடு என்ற எண்ணம் அதற்குள் பரவிவிட்டது. அந்த ஆண்டு வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஐந்து அட்டைகள். ஐந்தையும் வாங்கி, பிரிக்காமல், நாளைக்கு மகனைக் கல்லூரியில் சேர்க்க உதவும் என்று பத்திரப்படுத்தியவர்கள் ஏராளம். பத்திரப்படுத்தியவர்கள் எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு யார் விலை கொடுப்பார்கள்? அந்த வீக்கம் சில ஆண்டுகளில் உடைந்து, கடைகள் வரிசையாக மூடின. மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது.

நம்மூர்ப் பழைய காமிக்ஸ் முதல் வகையைச் சேர்ந்தது. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனில் 1962இல் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய கதை, பத்தாண்டு கழித்துச் சிவகாசி வழியாக நம் தெருவுக்கு வந்தது. 1984இல் எஸ். விஜயனின் லயன் காமிக்ஸ் மாடஸ்டி பிளைசியோடு வந்தது. அதே ஆண்டு ராணி காமிக்ஸ் வந்து, 2005 வரை 500 இதழ்கள் ஓடியது. பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய இதழ்கள் இவை. ஒரு தெருவுக்கு ஒன்று வாங்கினால் போதும். இருபது பிள்ளைகள் படித்துவிடுவார்கள். கோடை விடுமுறையில் திண்ணையில் கயிறு கட்டி, நாளைக்குப் பத்துக் காசு வாடகைக்குவிட்ட பையன்களில் நானும் ஒருவன். என் முதல் வருமானம் அதுதான்.

பிழைத்திருக்கும் இதழ்களைக் கையிலெடுத்தால் இந்தச் சரித்திரம் முழுவதும் அவற்றின் உடம்பில் இருக்கிறது. முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, பிரிவு. குறுக்கெழுத்துக் கட்டங்களில் நீல மை. வில்லனுக்கு மீசை. வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை, பக்கத்துக்குப் பக்கம், படத்தின் மேலேயே. பின் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாள் பொடிந்து, நடுத்தாள் தனியே கழன்று வருகிறது. செய்தித்தாள் ரகத் தாளில் மரக்கூழின் கழிவெல்லாம் அப்படியே இருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் தானே பழுப்பேறும், தானே அமிலம் ஊறும், ஒரு நாள் மடித்தால் அப்பளம்போல் முறியும். அதற்கு மேல் நம் புழுக்கம், கறையான், இராமபாணப் பூச்சி. 1985இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளும் சேர்ந்து சாம்பலாயின. இத்தனையையும் தாண்டி ஒன்று நம் கைக்கு வருகிறது என்றால், யாரோ ஒருவர் அந்துருண்டை போட்டு, துணியில் சுற்றி, வீடு மாறும்போதெல்லாம் கூடவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று பொருள்.

ஆகவே அமெரிக்க அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் பொருந்தாது. ஓர் எடுத்துக்காட்டு போதும். ஓரம் வெட்டிய இதழ் அங்கே தீண்டத்தகாதது. ஊதாப் பட்டைதான் கிடைக்கும். இங்கே வாடகை நூலகக்காரர்கள் ஐந்தாறு இதழ்களைச் சேர்த்து, முதுகில் துளையிட்டு முறுக்கு நூலால் தைத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசையில் கெட்டி அட்டை ஒட்டி, மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி பைண்டிங் செய்தார்கள். 1970களின் இதழ்கள் பல நமக்குக் கிடைப்பதே அந்த பைண்டிங் தொகுப்புகளில்தான். பூச்சியையும் கைகளையும் தாண்டி அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த மயில்துத்தப் பசை. அதைக் குறை என்று எழுதலாம். குற்றம் என்று எழுத எனக்கு மனம் வராது. தனி இதழாகப் பிழைத்தது, பைண்டிங்கிலிருந்து பிரித்தது, இன்னும் பைண்டிங்கிலேயே இருப்பது என மூன்று வரிசைகள் நமக்கு வேண்டும். அமெரிக்க ஏணியில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் படி கிடையாது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சொல்லிவிட்டு விற்கும் பழக்கத்தை. இதற்குச் சட்டமோ நிறுவனமோ தேவையில்லை. குழுக்களை நடத்துகிறவர்கள் ஒரு முடிவு எடுத்தால் போதும். முன்னட்டை, பின்னட்டை அசலா, கலர் ஜெராக்ஸா என்பதை எழுத வேண்டும். அட்டையே இல்லாமல் வந்த இதழுக்கு இப்போது ஒட்டப்படும் கலர் நகல் படத்தில் அசலைப் போலவே தெரியும். விரலில் பட்டால்தான் தெரியும். பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணி, எது இல்லை, எது நகல் என்று சொல்ல வேண்டும். நடுப்பக்கத்தை விரித்துப் பின்னோடு ஒரு படம், பதிப்பு விவரம் உள்ள பக்கத்தின் படம் கட்டாயம் போட வேண்டும். பதிப்பு விவரம் முக்கியம்: மறுபதிப்பை முதற்பதிப்பு என்று, தெரிந்தோ தெரியாமலோ, விற்பது நடக்கிறது. தாளை லேசாக வளைத்தால் வளைகிறதா, முறிகிறதா என்று ஒரு வரி. செலோ டேப் எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒரு வரி. அந்தப் பிசின் பத்தாண்டில் பழுப்பாகித் தாளைத் தின்னும் என்பது ஒட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அன்பினால் ஒட்டியது. ஆனாலும் சொல்ல வேண்டும். பேனா எழுத்து, முத்திரை இருந்தால் அதையும். என் வரையில் ஒரு சிறுவனின் பெயரும் வகுப்பும் எழுதிய இதழ் விலை குறைந்தது ஆகாது. வேறொருவருக்கு ஆகலாம். அவர் முடிவு செய்ய அவருக்குத் தெரிய வேண்டும்.

எண் போட்டு பிளாஸ்டிக்கில் மூடும் வேலையை இங்கேயும் தொடங்க வேண்டும் என்று சில இளம் சேகரிப்பாளர்கள் பேசுகிறார்கள். அவர்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இதை எதிர்க்கிறேன். முத்திரையிட்ட உறைமேல் வைக்கும் நம்பிக்கையும் உடையக்கூடியதுதான். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அது வெளியே வந்தது. உயர்ந்த எண் பெற்ற இதழை உறையிலிருந்து எடுத்துவிட்டு, தாழ்ந்த பிரதியை உள்ளே வைத்து, உறை சேதமாகிவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். பழைய எண்ணோடே புது உறை கிடைத்திருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் சாதாரணச் சேகரிப்பாளர்கள். முன்பு ஏலத்துக்கு வந்தபோது எடுத்த படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரே சான்று எண்ணுக்கு இரண்டு வேறு முதுகோரக் கீற்றுகள் இருப்பதைக் காட்டினார்கள். நிறுவனம் சந்தேகத்துக்குரிய சான்று எண்களைப் பட்டியல் போட்டு வெளியிட வேண்டியதாயிற்று. சந்தையைக் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான். நல்ல படங்கள் நம்மாலும் எடுக்க முடியும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சிஜிசியின் வழிமுறை நாணயத்துக்காகப் பிறந்தது. நாணயங்களை மதிப்பிட்டு உறையிட்டு வந்த நிறுவனத்தின் உடன்பிறப்பு அது. நாணயத்துக்கு இரண்டு முகம்; உறைக்குள் வைத்தாலும் இரண்டும் தெரியும். காமிக்ஸ் இதழின் அட்டையும் பின்னட்டையும் தெரியும், உள்ளே உள்ள பக்கங்கள் அத்தனையும் இருட்டுக்குப் போய்விடும். உறையை உடைத்தால் எண் போய்விடும், எண் போனால் பணம் போய்விடும். 9.6 எண் இதழுக்கும் 9.8 எண் இதழுக்கும் உள்ள வித்தியாசம் வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விலை மட்டும் பல நேரம் இரட்டிப்பாகிறது. அந்த 0.2 வித்தியாசத்துக்காகவே வெப்பமும் ஈரமும் கொடுத்து மடிப்பு நீக்கித் தரும் தொழில் ஒன்று தனியே வளர்ந்திருக்கிறது. இவ்வளவும் ஒருபோதும் திறக்கப்படாத ஒரு புத்தகத்துக்காக. இருபது பிள்ளைகள் கைமாற்றிப் படித்ததால்தான் நம் இதழ்களுக்கு இன்று தேட்டம் இருக்கிறது. அவற்றைப் பிரிக்க முடியாத பெட்டிக்குள் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாலியெஸ்டர் உறையில் வையுங்கள், அமிலமில்லாத அட்டையைப் பின்னால் கொடுங்கள், வெயில் படாமல் படுக்கையாக அடுக்குங்கள். ஆனால் திறக்கும்படி வையுங்கள்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2012இல் லயன் காமிக்ஸ் நல்ல தாளில் புதுப்பொலிவோடு மீண்டு வந்த பிறகு பழைய நாயகர்களின் கதைகள் மறுபதிப்பாகவும் வரத் தொடங்கின. எனக்குத் தெரிந்த பலர் அதோடு பழைய பிரதிகளைத் துரத்துவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது மாயாவியின் கதை. கிடைத்துவிட்டது. மீதமிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியது அந்தத் தாள், அந்த அச்சின் நிறம் கோடு தாண்டி வழிந்த விதம், கடைசிப் பக்க விளம்பரம், வாசகர் கடிதம். மறுபதிப்பில் இவை வராது. பழைய இதழை வாங்குகிறவர் கதையை வாங்கவில்லை, ஒரு காலத்தின் சாட்சியை வாங்குகிறார் என்று விற்பவருக்குப் புரிந்தால், ஜெராக்ஸ் தாளைச் செருகுவது ஏன் வலிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

சாட்சி என்று சொன்னேன். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பில்லி அயர்லாந்து பெயரில் கேலிச்சித்திரங்களுக்கும் காமிக்ஸுக்கும் என்றே ஒரு நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. யாரும் போய், கேட்டு, மேசையில் வைத்துப் புரட்டலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் ஆயுளெல்லாம் சேர்த்த அச்சுப் பொருள்களை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவர் நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் குப்பை என்று நினைக்காததால் இன்று நமக்கு ஒரு நூற்றாண்டின் அச்சு வாழ்க்கை கிடைத்திருக்கிறது. நாட்டில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று 1954இல் இயற்றிய சட்டம் சொல்கிறது. தமிழ் காமிக்ஸ் இதழ்களுக்கென்று எண்வாரியாக, மாதவாரியாக ஒரு பொதுப் பட்டியல் நூலகத்துறையிலிருந்து வந்தால், முதற்பதிப்பு எது, மறுபதிப்பு எது, ஓர் இதழுக்கு எத்தனை பக்கம் என்பதெல்லாம் கைபேசியிலேயே சரிபார்க்கும் விஷயமாகிவிடும். பாதி ஏமாற்றம் அங்கேயே நிற்கும். சேகரிப்பாளர்கள் தங்களுக்குப் பிறகு என்ன என்று இப்போதே எழுதி வைப்பதும் நல்லது. முப்பது ஆண்டு சேர்த்ததை மூன்றாம் நாள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அப்பா எதைச் சேர்த்தார் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

என் ஜெராக்ஸ் நடுத்தாளுக்கு வருகிறேன். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். நான் வாங்கவில்லை. குழுவில் நடந்ததை, அவர் பெயர் இல்லாமல், எழுதினேன். ஒரு வாரம் கழித்துத் தென்மாவட்டத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவரிடம் அதே இதழ், அட்டை இல்லாமல், முன்பக்கங்கள் கறையான் அரித்து, ஆனால் நடுத்தாள் முழுதாக இருந்தது. “இது எப்படியும் தேறாது. தாளையாவது நீங்க வச்சுக்கோங்க” என்றார். விலை கேட்டேன். கூரியர் செலவு மட்டும் போதும் என்றுவிட்டார். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பியிருந்தார்.

பழைய பின்னை நகக்கண்ணால் நிமிர்த்தி, வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு, அதே துளைகளில் அந்தத் தாளைச் சேர்த்தேன். என் தாளைவிட அது கொஞ்சம் கூடுதலாகப் பழுத்திருக்கிறது, புரட்டினால் தெரியும். வேறு பிரதியின் தாளைச் சேர்த்த இதழை அமெரிக்கச் சந்தையில் ‘மணம் முடித்தது’ என்பார்கள். அதைப் பட்டையில் எழுதுவார்கள், மதிப்பும் குறையும். என் இதழில் பட்டை இல்லை. உறைக்குள் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: நடுத்தாள், நான்கு பக்கங்கள், வேறு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்தது. கீழே தேதி.